கடல் சூடேறினால் மத்தி எங்கே போகும்?

நிலத்தில் பயிரிடும் விவசாயி வானத்தைப் பார்த்து விதைக்கிறார். கடலுக்குச் செல்லும் மீனவர் காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்து வலை வீசுகிறார். இருவருடைய தொழிலுக்கும் பருவமே அடிப்படை. பருவம் தவறினால் விவசாயிக்கு விளைச்சல் குறைவதுபோல் மீனவருக்கும் மீன்பாடு குறைகிறது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. வயலில் பயிர் வாடுவதைக் கண்ணால் காணலாம். கடலுக்கடியில் நடப்பதைக் காண இயலாது. வலை வெறுமையாக வரும்போதுதான் தெரிய வருகிறது. அதற்குள் காலம் கடந்துவிடுகிறது.

ஆயிரம் கிலோ மீட்டருக்கு மேல் கடற்கரை உள்ள நம் மாநிலத்தில், கடல் நீர் சூடேறுவதால் மீன்வளத்தில் ஏற்படும் மாறுதல்களை மீனவர் மட்டுமின்றி விவசாயிகளும் அறிந்திருப்பது நல்லது. ஏழை எளியவர் வீட்டில் சோற்றுக்குத் துணையாகும் மலிவான புரதம் மத்தியும் சூடையும் நெத்திலியும்தான். கோழித் தீவனத்தில் சேரும் மீன் தூளும் பெரும்பாலும் இச்சிறு மீன்களிலிருந்து வருவதே. கடலில் மீன் குறைந்தால் அதன் விளைவு கோழிப்பண்ணை வரை எட்டும்.

கடல் எவ்வளவு சூடேறியிருக்கிறது?

நிலக்கரி, பெட்ரோல், டீசல் முதலியவற்றை எரிப்பதால் காற்றில் கரியமில வாயு பெருகி, சூரிய வெப்பம் பூமியை விட்டு வெளியேறாமல் தங்கிவிடுகிறது. இவ்வாறு மிகுதியாகத் தங்கும் வெப்பத்தில் 100க்கு 90 பங்குக்கு மேல் கடலே உள்வாங்கிக்கொள்கிறது. கடல் இதைச் செய்யாவிட்டால் நிலத்தில் நாம் உணரும் வெப்பம் இன்னும் பல மடங்கு கடுமையாக இருந்திருக்கும்.

மத்திய அரசின் புவி அறிவியல் அமைச்சகம் 2020ல் வெளியிட்ட ஆய்வறிக்கையின்படி, இந்தியப் பெருங்கடலின் வெப்ப மண்டலப் பகுதியில் மேற்பரப்பு நீரின் வெப்பநிலை 1951 முதல் 2015 வரை சராசரியாக 1 டிகிரி சென்டிகிரேடு உயர்ந்துள்ளது. அதே காலத்தில் உலகக் கடல்களின் சராசரி உயர்வு 0.7 டிகிரி. அதாவது மற்றக் கடல்களைவிட நம் கடல் வேகமாகச் சூடேறுகிறது.

"ஒரு டிகிரிதானே, இதில் என்ன இருக்கிறது?" என்று சிலர் கேட்கக்கூடும். நமக்கு உடம்புச் சூடு ஒரு டிகிரி ஏறினால் காய்ச்சல் என்று படுத்துக்கொள்கிறோம். மீனோ தன் உடல் வெப்பத்தைத் தானே சீராக வைத்துக்கொள்ள இயலாத பிராணி. சுற்றியுள்ள நீர் எவ்வளவு சூடோ அவ்வளவே மீனின் உடலும் சூடு. எனவே ஒரு டிகிரி என்பது மீனுக்குச் சிறிய மாறுதல் அன்று.

வெப்பம் மீனை என்ன செய்கிறது?

குளத்தில் மீன் வளர்ப்போர் இதை எளிதில் புரிந்துகொள்வார்கள். கோடையில் விடியற்காலை நேரத்தில் கட்லாவும் ரோகுவும் நீர் மட்டத்துக்கு வந்து வாயைப் பிளப்பதைக் கண்டிருப்பீர்கள். இதற்குக் காரணம் நீரில் பிராணவாயு குறைவதே. நீர் சூடேறச் சூடேற அதில் கரைந்திருக்கும் பிராணவாயுவின் அளவு குறையும். 20 டிகிரி வெப்பமுள்ள நல்ல நீர் ஒரு லிட்டரில் ஏறக்குறைய 9 மில்லி கிராம் பிராணவாயு தங்கும். 30 டிகிரியில் ஏழரை மில்லி கிராம்தான் தங்கும். உப்பு நீரில் இது இன்னும் குறைவு.

வரவு இவ்வாறு குறையும்போது மீனின் செலவு கூடுகிறது. வெப்பம் ஏறினால் மீனின் உடலில் இரத்த ஓட்டம், செரிமானம் முதலிய எல்லாச் செயல்களும் விரைவாக நடக்கும். அதற்குக் கூடுதலான பிராணவாயுவும் தீனியும் வேண்டும். வரவு குறைந்து செலவு கூடிய குடும்பம் என்ன ஆகும்? மீனின் நிலையும் அதுவே. உண்ட தீனி உயிர் வாழவே சரியாகிவிடுகிறது. உடல் வளர்ச்சிக்கும் சினை பிடிப்பதற்கும் மிஞ்சுவது குறைவு.

முட்டையும் குஞ்சும் வெப்ப மாறுதலைச் சிறிதும் தாங்கா. நெற்பயிரில் பூக்கும் தருணத்தில் வெப்பம் மிகுந்தால் பதராவதைப் போன்றது இது. வளர்ந்த மீன் இடம் பெயர்ந்து தப்பலாம். நீரில் மிதக்கும் முட்டைக்கு அந்த வழியும் கிடையாது.

ஆகவே நீர் சூடேறும்போது மீன்கள் மூன்று வழிகளில் ஒன்றைக் கைக்கொள்கின்றன. ஒன்று, குளிர்ந்த நீரைத் தேடி வேறு கடற்பகுதிக்குச் செல்லுதல். இரண்டு, அதே பகுதியில் ஆழத்துக்கு இறங்குதல். மூன்று, முட்டையிடும் காலத்தை மாற்றிக்கொள்ளுதல். இம்மூன்றுக்கும் நம் கடலிலேயே சான்றுகள் உண்டு. அவற்றைப் பின்னர் காண்போம்.

கடலின் அடியுரம்

கடலில் மீனுக்குத் தீனி எங்கிருந்து வருகிறது? கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகளே கடலின் புல். அவை வளரச் சூரிய ஒளியும், தழை, மணி முதலிய சத்துகளும் தேவை. ஒளி மேல்மட்டத்தில் இருக்கிறது. சத்துகளோ மக்கி அடியில் தங்கியிருக்கின்றன. அடிநீர் மேலே வந்தால்தான் இரண்டும் ஒன்று சேரும்.

தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கேரளக் கரையிலும் குமரிக் கரையிலும் இது நடைபெறுகிறது. கரையோரமாக வீசும் காற்றும் பூமியின் சுழற்சியும் சேர்ந்து மேல்மட்ட நீரைக் கரையிலிருந்து அப்பால் தள்ளுகின்றன. அந்த இடத்தை நிரப்ப அடியிலிருந்து குளிர்ந்த, சத்து மிகுந்த நீர் மேலேறுகிறது. உழவன் ஆழ உழுது அடிமண்ணைப் புரட்டி மேலே கொண்டுவருவதற்கு ஒப்பானது இது. நுண்பாசி செழித்து வளர்கிறது. அதை உண்ண மத்தி கூட்டம் கூட்டமாகக் கரையை அண்டி வருகிறது.

மேல்மட்ட நீர் மிகவும் சூடேறினால் அது இலேசாகி, கனமான குளிர்ந்த நீரின் மேல் மூடிபோல் படர்ந்துவிடும். அடிநீரும் மேல்நீரும் கலப்பது தடைப்படும். உரமில்லாத வயலைப் போல மேல்மட்டம் வறியதாகும். இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பகுதியில் அறுபது ஆண்டுகளில் நுண்பாசியின் அளவு சில இடங்களில் 100க்கு 20 பங்கு வரை குறைந்திருப்பதாக 2016ல் வெளிவந்த ஆய்வு ஒன்று கூறுகிறது. புல் குறைந்த மேய்ச்சல் நிலத்தில் முன்போல் மந்தையை எதிர்பார்க்க முடியாது அல்லவா?

மத்தி கற்பிக்கும் பாடம்

மத்தி என்றும், சாளை என்றும், சில ஊர்களில் பேச்சாளை என்றும் வழங்கப்படும் எண்ணெய்ச் சாளை மீனின் வரலாறு நமக்கு நல்ல பாடம். இம்மீனின் ஆயுள் இரண்டு அல்லது இரண்டரை ஆண்டுதான். ஏறக்குறைய 15 சென்டி மீட்டர் நீளம் வளர்ந்ததும் சினைக்கு வரும். ஒரு தாய் மீன் பல்லாயிரம் முட்டைகள் இடும். தென்மேற்குப் பருவமழையின் தொடக்கமே அதன் முக்கிய இனப்பெருக்கக் காலம். ஆயுள் குறைவாக இருப்பதால், ஓர் ஆண்டு இனப்பெருக்கம் தவறினாலும் அடுத்த ஆண்டே கரையில் அதன் பலன் தெரிந்துவிடும்.

கேரளக் கரையில் 2012ஆம் ஆண்டு ஏறக்குறைய 4 லட்சம் டன் மத்தி பிடிபட்டது. 2015ல் அது 70,000 டன்னுக்கும் கீழே இறங்கியது. இடையில் சற்று ஏறினாலும் 2021ல் ஏறத்தாழ 3,300 டன்னாக வீழ்ச்சியடைந்தது. பின்னர் மீண்டும் உயர்ந்து 2023ல் 1 லட்சத்து 38 ஆயிரம் டன்னை எட்டியது. இவை கொச்சியிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் கணக்குகள்.

இவ்வீழ்ச்சிக்கு வெப்பம் ஒன்றே காரணம் என்று கூறிவிட இயலாது. மத்தி இதற்கு முன்பும் பலமுறை ஏறி இறங்கிய மீன்தான். 1940களின் தொடக்கத்தில் மலபார் கரையில் மத்தி மிகவும் குறைந்தது. மலபார் அப்போது சென்னை மாகாணத்தில் சேர்ந்திருந்தது. மாகாண அரசு 1943ல் மத்திக் குஞ்சுகளைப் பிடிப்பதற்குக் கட்டுப்பாடு விதித்தது. 1994லும் கேரளக் கரையில் மத்தி மிகக் குறைவாகவே கிடைத்தது.

ஆனால் 2012க்குப் பின் நடந்ததில் இரண்டு காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. முதலாவது, மீன் மிகுந்திருந்த ஆண்டுகளில் பெரிய வலைகளும் வேகமான எஞ்சின்களும் பெருகி, சினை மீனும் குஞ்சு மீனும் வரம்பின்றிப் பிடிக்கப்பட்டன. இரண்டாவது, 2015ல் பசிபிக் பெருங்கடலில் கடுமையான எல் நினோ தோன்றி, அதன் தாக்கம் நம் கடல்வரை எட்டியது. நீர் சூடேறி, தீனி குறைந்து, மத்தி சரிவர வளரவும் இல்லை. சினை முதிரவும் இல்லை. வறட்சி ஆண்டில் விதைநெல்லையும் குத்தித் தின்றுவிட்ட குடும்பத்தின் நிலை மத்திக்கு ஏற்பட்டது.

கூட்டமாக வாழும் மீன்களில் இன்னோர் ஆபத்தும் உண்டு. மீனின் மொத்த இருப்பு பாதியாகக் குறைந்தாலும், எஞ்சிய மீன்கள் பழையபடி நெருங்கிய கூட்டமாகவே சேர்ந்து திரியும். கருவிகளின் உதவியால் அக்கூட்டத்தைக் கண்டுபிடித்து வளைத்துவிட்டால் படகு நிறைந்துவிடும். "போன ஆண்டுபோல்தான் கிடைக்கிறது, மீன் குறையவில்லை" என்று மீனவர் எண்ணுவார். திடீரென்று ஒரு பருவத்தில் ஒன்றுமே இராது. எனவே படகு நிறைவதை மட்டும் கொண்டு கடலின் இருப்பை மதிப்பிடுவது தவறு. அதே அளவு மீனுக்கு எவ்வளவு தூரம் ஓடினோம், எத்தனை லிட்டர் டீசல் எரித்தோம், மீன் என்ன நீளம் இருந்தது என்பவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நம் கரைக்கு வந்த விருந்தாளி

முன்காலத்தில் மத்தி பெரும்பாலும் கேரளக் கரைக்கும் கர்நாடகக் கரைக்கும் உரிய மீனாகவே இருந்தது. 1980களின் நடுப்பகுதி வரை வங்காள விரிகுடாப் பக்கத்தில் அது பொருட்படுத்தத்தக்க அளவில் கிடைத்ததில்லை. அதன்பின் நம் கிழக்குக் கரையில் ஆண்டுக்கு ஆண்டு கூடி, மத்தி இன்று தமிழ்நாட்டின் முக்கிய மீன்களில் ஒன்றாகிவிட்டது. மேற்குக் கரைக்கு வடக்கிலும் அதன் எல்லை விரிந்தது. முன்பு அதற்கு ஏற்ற வெப்பநிலை இல்லாத பகுதிகள் நீர் சூடேறியதால் ஏற்றவையாக மாறியதே இதற்கு ஒரு காரணம் என்று விஞ்ஞானிகள் கருதுகிறார்கள்.

அப்படியானால் கடல் சூடேறுவது நமக்கு நன்மைதானே என்று தோன்றலாம். விருந்தாளி நிலையாகத் தங்குவார் என்று நம்பி வீடு கட்டுவது சரியன்று. வெப்பம் இன்னும் ஏறினால் இப்போது ஏற்றதாயிருக்கும் பகுதியே ஏற்காததாகிவிடும். புதிதாக வந்த மீனை நம்பிக் கடன் வாங்கிப் பெரிய படகும் பெரிய வலையும் செய்வோர் இதை முக்கியமாக மனதில் கொள்ள வேண்டும். படகுக் கடன் பல ஆண்டுகளுக்கு நிற்கும். மத்தியின் ஆயுளோ இரண்டரை ஆண்டு.

ஆழத்துக்கு இறங்கிய அயிலை

அயிலை அல்லது கானாங்கெளுத்தி எனப்படும் மீன் மேல்மட்டத்தில் திரியும் மீன். வழிவலை போன்ற மேல்மட்ட வலைகளில்தான் அது சிக்குவது வழக்கம். 1985–89 ஆண்டுகளில் நாட்டில் பிடிபட்ட அயிலையில் 100க்கு 2 பங்கே அடிமட்ட இழுவைமடிகளில் கிடைத்தது. 2003–2007ல் இது 15 பங்காக உயர்ந்தது. மேல்நீரின் சூடு பொறாமல் அயிலை ஆழத்துக்கு இறங்குவதையே இது காட்டுகிறது என்பது ஆய்வாளர் கருத்து.

இதனால் யாருக்கு நட்டம் என்று பாருங்கள். மேல்மட்ட வலை வைத்திருக்கும் நாட்டுப்படகு மீனவருக்கு மீன் குறைகிறது. இழுவைமடி வைத்திருக்கும் விசைப்படகுக்காரருக்குக் கூடுகிறது. கடலில் மீன் குறையாமலே ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்குப் பிழைப்பு மாறிவிடுகிறது. இரு சாராருக்கும் இடையே ஏற்கெனவே உள்ள பூசல்கள் இதனால் வளரக்கூடும். மீன்வள நிர்வாகம் என்பது மீனை மட்டும் அல்லாமல் மனிதர்களையும் கருத்தில் கொள்ள வேண்டும் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

முட்டையிடும் மாதத்தை மாற்றிய சங்கரா

சென்னைக் கடலில் சங்கரா மீனை ஆராய்ந்ததில் ஒரு முக்கிய உண்மை தெரியவந்தது. 1980ல் சினை மீன்களில் 100க்கு 35 பங்கு ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையுள்ள வெப்ப மாதங்களில் காணப்பட்டன. 2004 அளவில் இது 5 பங்காகக் குறைந்துவிட்டது. எஞ்சியவை எல்லாம் அக்டோபர் முதல் மார்ச் வரையுள்ள குளிர்ந்த மாதங்களிலேயே முட்டையிட்டன. நீரின் வெப்பம் 28 டிகிரியைத் தாண்டும் மாதங்களைச் சங்கரா தவிர்க்கத் தொடங்கிவிட்டது.

இப்போது மீன்பிடித் தடைக்காலத்தை எண்ணிப் பாருங்கள். நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்களும், குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லக் கூடாது. மீன்கள் நிம்மதியாக இனப்பெருக்கம் செய்யட்டும் என்பதே இதன் நோக்கம். ஆனால் சங்கரா போன்ற மீன்கள் முட்டையிடும் காலத்தைக் குளிர் மாதங்களுக்கு மாற்றிக்கொண்டால், அவற்றின் சினை மீன்களுக்குத் தடைக்காலத்தின் பாதுகாப்பு முழுமையாகக் கிடைப்பதில்லை.

இதைக் காரணம் காட்டித் தடைக்காலமே வீண் என்று சொல்லிவிடக் கூடாது. வேறு பல மீன்களும் இறால்களும் இக்காலத்தில்தான் பெருகுகின்றன. அன்றியும் 61 நாட்கள் இழுவைமடி படாமல் கடலடி ஓய்வு பெறுவதே பெரும் பயன். நாம் கேட்க வேண்டியது இதுதான்: எந்த மீன் எந்த மாதத்தில் சினையாக உள்ளது என்று சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிதாக ஆராய்ந்து, தேவைப்பட்டால் முட்டையிடும் இடங்களுக்குக் குளிர் மாதங்களிலும் குறுகிய காலப் பாதுகாப்பு அளிக்க வேண்டும். அவ்வாறு செய்யும்போது தொழிலில்லாத நாட்களுக்கு மீனவக் குடும்பங்களுக்குத் தக்க நிவாரணமும் அளிக்க வேண்டும்.

பெரு நாட்டின் அனுபவம்

தென் அமெரிக்காவிலுள்ள பெரு நாட்டின் கரையில் நெத்திலி இனத்தைச் சேர்ந்த ஒரு மீன் ஏராளமாகக் கிடைக்கிறது. உலகின் மீன் தூளில் பெரும் பகுதி இதிலிருந்தே தயாராகிறது. 1970ல் இம்மீன் 1 கோடியே 20 லட்சம் டன்னுக்கு மேல் பிடிக்கப்பட்டது. 1972–73ல் எல் நினோ தோன்றி, குளிர்ந்த அடிநீர் மேலேறுவது நின்றது. மீன் குறைந்த நிலையிலும் பிடிப்பது நிற்கவில்லை. 1973ல் கிடைத்தது ஏறத்தாழ 20 லட்சம் டன்தான். பழைய நிலைக்குத் திரும்ப இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. எத்தனையோ ஆலைகள் மூடப்பட்டன.

அந்நாட்டினர் இதிலிருந்து பாடம் கற்றார்கள். இப்போது ஒவ்வொரு பருவம் தொடங்கும் முன்பும் கடலில் மீன் இருப்பை அளந்து, இவ்வளவு டன்தான் பிடிக்கலாம் என்று வரம்பு கட்டுகிறார்கள். 2023ல் கடல் மீண்டும் சூடேறியபோது, பார்வைக்குப் பிடிபட்டவற்றில் பெரும்பகுதி குஞ்சுகளாகவே இருந்ததால், முக்கியப் பகுதியில் அவ்வாண்டின் முதல் பருவத்தையே ரத்து செய்தார்கள். பெரும் நட்டம்தான். ஆயினும் அடுத்த ஆண்டே மீன் மீண்டும் பெருகிப் பருவம் நடந்தது.

கடலின் வெப்பத்தை நாம் தனியே குறைக்க இயலாது. ஆனால் எவ்வளவு பிடிப்பது என்பது நம் கையில் உள்ளது. உலகெங்கும் 235 மீன் கூட்டங்களை ஆராய்ந்து 2019ல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வும் இதையே உறுதிப்படுத்துகிறது. 1930 முதல் 2010 வரை கடல் சூடேறியதால், அம்மீன்களிலிருந்து நிலையாகப் பெறக்கூடிய விளைச்சல் 100க்கு 4 பங்கு குறைந்தது. அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்ட கூட்டங்களே வெப்பத்தால் மிகுதியாகப் பாதிக்கப்பட்டன. சத்தான உடம்பு நோயைத் தாங்கும்; நலிந்த உடம்பு தாங்காது.

குஞ்சு மீன்: ஒரு சிறு கணக்கு

10 சென்டி மீட்டர் நீளமுள்ள மத்தியை 15 சென்டி மீட்டர் வரை வளர விட்டால் என்ன இலாபம்? மீனின் நீளம் ஒன்றரை மடங்கானால் அகலமும் பருமனும் ஏறக்குறைய அதே விகிதத்தில் கூடும். ஆகவே எடை 1.5 x 1.5 x 1.5 = 3.375 மடங்காகும்.

1,000 கிலோ குஞ்சு மத்தியைப் பிடிக்காமல் விட்டதாக வைத்துக்கொள்வோம். பெரிய மீனுக்கு இரையாகியும் வேறு வகையிலும் அவற்றில் பாதி அழிந்துவிட்டாலும், எஞ்சிய பாதி வளர்ந்து 1,687 கிலோ ஆகும். அன்றியும் குஞ்சு மீன் ஆலைக்கு மீன் தூளுக்காகக் குறைந்த விலையில் போகும். வளர்ந்த மத்தி சந்தையில் உணவுக்கு விலைபோகும். உங்கள் இறங்குதளத்தில் இரண்டுக்கும் உள்ள விலையைப் போட்டுப் பெருக்கிப் பாருங்கள். பிடிபடும் முன் ஒருமுறையேனும் முட்டையிட்டால் அடுத்த ஆண்டுக்கான விதையும் கிடைக்கும்.

"நான் விட்டால் அடுத்தவன் பிடித்துவிடுவானே" என்பது நியாயமான கவலை. ஆகவேதான் இது ஒரு படகால் ஆகக்கூடிய காரியம் அன்று. ஊர் கூடி முடிவெடுக்க வேண்டும். சட்டமும் துணை நிற்க வேண்டும். கேரளத்தில் மத்திக்கு 10, அயிலைக்கு 14, சங்கராவுக்கு 12 சென்டி மீட்டர் எனக் குறைந்தபட்ச நீளம் விதிக்கப்பட்டுள்ளது. அதற்குக் கீழே உள்ள மீனைப் பிடித்து இறக்குவது குற்றம். மீனுக்கு மாநில எல்லை கிடையாது. 12 கடல் மைல் வரை மாநில அரசின் பொறுப்பு; அதற்கு அப்பால் மத்திய அரசின் பொறுப்பு. ஒரு மாநிலத்தில் காப்பாற்றிய குஞ்சை அடுத்த மாநிலத்தில் வாரிவிட்டால் பயனில்லை. எனவே தென் மாநிலங்கள் அனைத்தும் ஒரே நீள அளவைக் கடைப்பிடிப்பதே முறை.

மீனவர்கள் செய்யத்தக்கவை

1. இழுவைமடியின் கடைசிப் பகுதியில் சதுரக் கண்ணி உள்ள வலையைப் பொருத்துங்கள். சாய்சதுரக் கண்ணி இழுக்கும்போது சுருங்கி மூடிக்கொள்ளும். சதுரக் கண்ணி திறந்தே இருப்பதால் குஞ்சுகள் தப்பிச் செல்லும். கண்ணியின் அளவு மீன்வளத் துறை விதித்துள்ளதற்குக் குறையாமல் இருக்கட்டும்.

2. வலையை வளைத்ததும் முதலில் சில மீன்களை எடுத்து அடிக்கோலால் அளந்து பாருங்கள். பெரும்பாலும் குஞ்சுகளாக இருந்தால், மீன் உயிரோடு இருக்கும்போதே வலையைத் தாழ்த்தி விட்டுவிடுங்கள். படகில் ஏற்றியபின் கொட்டுவதால் பயனில்லை.

3. ஐதராபாத்திலுள்ள இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம், செயற்கைக்கோள் மூலம் நீரின் வெப்பத்தையும் நுண்பாசியின் செறிவையும் கணித்து, மீன் கிடைக்கக்கூடிய பகுதிகளைத் தமிழிலும் அறிவிக்கிறது. இதைப் பயன்படுத்தினால் அலைச்சலும் டீசலும் மிச்சமாகும். மிச்சமான நேரத்தில் மேலும் ஒருமுறை வலை போடுவதற்கு இதைப் பயன்படுத்தாதீர்கள்.

4. ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். தேதி, சென்ற இடம், எத்தனை பாகம் ஆழம், வலை வகை, டீசல் செலவு, கிடைத்த மீன், அதன் நீளம், சினை உண்டா இல்லையா என்பவற்றைக் குறித்து வாருங்கள். மூன்று ஆண்டுக் குறிப்பு இருந்தால் எந்த மீன் இடம் மாறுகிறது, எது காலம் மாறுகிறது என்று நீங்களே சொல்லிவிடலாம். ஆராய்ச்சியாளருக்கும் இது பெரிதும் உதவும்.

5. ஒரே மீனை நம்பி முதலீடு செய்யாதீர்கள். பல மீன்களுக்கும் பயன்படும் வலைகளை வைத்திருப்போர் மத்தி குறைந்த ஆண்டிலும் தாக்குப்பிடிப்பார்கள். மானாவாரி விவசாயி பல பயிர் விதைப்பது போன்றதே இது.

6. மன்னார் வளைகுடாப் பகுதி மீனவர்கள் பார்களையும் கடற்புல் திட்டுகளையும் கண்போல் காக்க வேண்டும். 2010லும் 2016லும் நீர் மிகச் சூடேறியதால் அங்குப் பவளப் பாறைகள் வெளுத்துப் பாதிக்கப்பட்டன. அவை மீன் குஞ்சுகளின் நாற்றங்கால். சூட்டினால் நலிந்த பாரின்மேல் மடியும் நங்கூரமும் பட்டால் அது மீளாது.

மீன் விற்கும் பெண்களுக்கு

கரையில் மீன் வாங்கித் தலைச்சுமையாக விற்கும் தாய்மார்களுக்கும் கருவாடு போடுவோருக்கும் மீன்வரவு ஏறி இறங்குவதால் வரும் துன்பம் படகுக்காரருடையதைவிடக் குறைந்ததன்று. மீன் குறைந்த நாளில் ஏல விலை ஏறி அவர்களுக்கு எட்டாது. மிகுந்த நாளில் விலை வீழ்ந்து மீன் வீணாகும். மிகுந்த நாட்களில் மீனைச் சுத்தம் செய்து, மணலில் பரப்பாமல் மேடையிலோ வலைப்பந்தலிலோ உலர்த்திச் சேமித்தால் குறைந்த மாதங்களில் நல்ல விலைக்கு விற்கலாம். வெப்பம் கூடிய இக்காலத்தில் மீன் விரைவில் கெடும். ஒரு பங்கு மீனுக்கு ஒரு பங்கு பனிக்கட்டி என்ற அளவு குறையக் கூடாது. தடைக்கால நிவாரணம் பற்றிப் பேசும் கூட்டங்களில் இவர்களையும் அழைத்துக் கருத்துக் கேட்க வேண்டும்.

சில ஐயங்கள்

கேள்வி: மத்தி மீண்டும் பெருகிவிட்டதே, இனிக் கவலை எதற்கு?

பதில்: மத்தி விரைவில் பெருகும் மீன். சாதகமான மழையும் தீனியும் கிடைத்தால் இரண்டு ஆண்டுகளில் மீண்டுவிடும். அதே வேகத்தில் குறையவும் செய்யும். பெருகிய ஆண்டில்தான் கட்டுப்பாடு தேவை. களஞ்சியம் நிறைந்திருக்கும்போது விதை எடுத்து வைப்பதுதானே வழக்கம்?

கேள்வி: ஆழ்கடலுக்குச் சென்றால் இச்சிக்கல் தீராதா?

பதில்: சூரை போன்ற மீன்களுக்கு ஆழ்கடல் செல்வது கரையோரத்தில் நெருக்கடியைக் குறைக்கும். ஆனால் அதற்கான படகும் பயிற்சியும் வேறு. நீரின் வெப்பம் அங்கும் மாறுகிறது. கணக்குப் பார்த்தே இறங்க வேண்டும்.

கேள்வி: சிறு மீனவர் ஒருவர் அடங்கிப் பிடிப்பதால் கடல் குளிர்ந்துவிடுமா?

பதில்: குளிராது. கடல் சூடேறியதற்குச் சிறு மீனவர் காரணமும் அல்லர். ஆனால் வெப்பத்தைத் தாங்கும் வலிமை கடலில் மிஞ்சியிருக்கும் தாய் மீன்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. அந்த எண்ணிக்கை நம் வலையின் கண்ணியைப் பொறுத்தது.

சுருக்கமாகச் சொன்னால், கடல் சூடேறுவதால் மீன்கள் இடத்தையும் ஆழத்தையும் முட்டையிடும் மாதத்தையும் மாற்றிக்கொண்டு வருகின்றன. நம் சட்டங்களும் வலைகளும் வழக்கங்களும் பழைய இடத்துக்கும் பழைய மாதத்துக்கும் ஏற்பட்டவை. மீன் மாறும்போது நாமும் மாற வேண்டும். வலைக்கண்ணியின் சரியான அளவு, சதுரக் கண்ணி, மீன் கிடைக்கும் பகுதி பற்றிய அறிவிப்பு ஆகியவை குறித்து அருகிலுள்ள மீன்வளத் துறை அலுவலகத்தை அணுகி விவரம் பெறலாம். வரும் தடைக்காலத்தில் வலை பழுது பார்க்கும்போதே கடைசி மடியின் கண்ணியையும் அளந்து மாற்றிவிடுவது நலம்.